இன்ஜினுக்கு மானியம், அதைச் சுமக்கும் பலகைக்கு?

மணலில் ஏற்றிவைத்திருக்கும் பைபர் படகுகளின் பின்பக்கம் பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. பெயரும் வண்ணமும் சாமி படமும் முன்பக்கத்தில்தான். வயதான படகுகளைப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தால் ஒரே மாதிரியான அறிகுறிகள் தெரியும்: இன்ஜின் மாட்டும் பலகையில் போல்ட்டைச் சுற்றிப் பழுப்பு நீர் வழிந்து காய்ந்த கோடு, பலகையும் பக்கச்சுவரும் சேரும் மூலையில் மயிரிழை விரிசல், சிலவற்றில் இரண்டையும் மறைத்து முடுக்கிய அலுமினியத் தகடு. உள்ளே மரம் மக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். குறைந்த செலவில் இதைச் சரிசெய்ய வழி உண்டா என்றால், உண்டு. ஆனால் கடற்கரையில் மலிவு என்ற பெயரில் நடப்பது பெரும்பாலும் மூடுகிற வேலை. உண்மையில் மலிவாக முடிவது திறக்கிற வேலை. இன்றைய மானிய முறையோ மீனவரை மூடச் சொல்லியே தூண்டுகிறது.

பைபர் படகு என்றதும் முழுவதும் கண்ணாடியிழை என்ற நினைப்பு வரும். பின்பலகை அப்படியல்ல. இரண்டு பைபர் தோல்களுக்கு நடுவே பிளைவுட்டோ மரப்பலகையோ வைத்து ஒட்டியதுதான் பெரும்பாலான படகுகளில் இருக்கிறது. இன்ஜினின் கவ்வியை இறுக்கினால் நசுங்காத, போல்ட் போட்டால் பிடித்துக்கொள்கிற தடிமன் அங்கே வேண்டும். கண்ணாடியிழை விரிப்பான மேட் ஒரு அடுக்கு ஒட்டினால் கிடைப்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். பலகைக்கு வேண்டியதோ 40 மில்லிமீட்டர் அளவு. அத்தனையையும் மேட்டும் ரெசினுமாக அடுக்கினால் விலையும் எடையும் எகிறிவிடும். எனவே நடுவில் மரம் வைப்பது நல்ல கட்டுமானம்தான், மரம் காய்ந்திருக்கும்வரை. 9.9 குதிரைத்திறன் இன்ஜின் சுமார் 40 கிலோ இருக்கும். அந்த எடையைவிடப் பெரியது தள்ளுவிசை. விசிறி தண்ணீருக்கடியில் படகை முன்னே தள்ளும்போது, ஏறத்தாழ இரண்டடி மேலே இருக்கும் கவ்வி பலகையின் மேல்விளிம்பைப் பின்னால் இழுக்கிறது. அலை ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும், விசிறி மணல்திட்டில் தட்டும் ஒவ்வொரு முறையும் இந்த நெம்புகோல் பலகையை ஆட்டிப் பார்க்கிறது. நடுமரம் உறுதியாக இருந்தால் இரண்டு தோல்களும் அதுவும் ஒரே உடம்பாக எதிர்த்து நிற்கும். மரம் மக்கினால் தோல்கள் தனித்தனியாகிவிடும். நாலைந்து மில்லிமீட்டர் பைபர் மட்டும் இன்ஜினைப் பிடித்துக்கொண்டிருக்கும். அது கிழிந்தால் இன்ஜின் போகும் இடம் கரையாக இருக்காது.

மரத்தை மக்க வைப்பது கடல்நீர் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் பெரிய எதிரி மழைநீர். மரத்தைத் தின்பது பூஞ்சை. அதற்கு ஈரமும் காற்றும் வேண்டும், உப்பு பிடிக்காது. மரத்தின் ஈரம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் அதற்குப் பிழைப்பில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கடலுக்குப் போகாமல் கிடக்கும் படகின் பின்பகுதியில் மழைத் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பலகையின் மேல்விளிம்பு விரிசல், இன்ஜின் போல்ட் துளை, தண்ணீர் வடியும் அடைப்பான் துளை என்று கிடைத்த வழியில் இறங்குகிறது. உள்ளே போனது எளிதில் வெளியே வருவதில்லை. இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். ஐஎஸ் 710 முத்திரை போட்ட மரைன் பிளைவுட் போட்டால் மக்காது என்கிறார்கள். அந்தத் தரத்தில் ஒட்டுப் பசையை 72 மணி நேரம் கொதிநீரில் வேகவைத்துச் சோதிக்கிறார்கள். அடுக்குகள் பிரியாது என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் பசை தண்ணீரைத் தாங்குவதால் மரம் சாகாவரம் பெற்றுவிடாது. மருந்தேற்றிய பிளைவுட்டும் அடைபட்ட ஈரத்தில் என்றென்றைக்கும் தாங்காது. ஈரம் மரத்துக்கு ஆகாது என்பது கட்டுமரம் ஓட்டிய தலைமுறைக்குத் தெரிந்திருந்தது. கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகப் பிரித்து வெயிலில் காயப் போட்டார்கள். உலர்த்துவது அந்தத் தொழிலின் அன்றாட வேலைகளில் ஒன்று. பைபர் படகோ மரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, உலர்த்தும் வழக்கத்தையும் கூடவே ஒழித்துவிட்டது.

கடற்கரையில் நடக்கும் வைத்தியங்கள் மூன்று வகை. பலகையின் இருபுறமும் தகடு வைத்து முடுக்குவது முதலாவது. தகடு அழுத்தத்தைப் பரப்பும், நல்ல மரத்துக்கு அது துணை. மக்கிய மரத்தில் தகடு முடுக்கினால் நசுங்கும். மறுபடி முடுக்க வேண்டியிருக்கும். போதாக்குறைக்கு ஒவ்வொரு புதுப் போல்ட் துளையும் தண்ணீருக்குப் புது வாசல். வெளியே இன்னும் நாலு மேட் ஒட்டிப் பெயின்ட் அடிப்பது இரண்டாவது. ஈரத்தை இன்னும் பத்திரமாக உள்ளே வைப்பதைத் தவிர இதனால் பயனில்லை. சிறு துளைகள் போட்டு நீர்த்த எபாக்ஸி ரெசினைச் செலுத்துவது மூன்றாவது. இதற்கு விளம்பரம் அதிகம். உலர்ந்த மரத்தில், உள்ளங்கையளவு கெட்டுப்போன இடத்தில் இது வேலை செய்யலாம். ஊறிய மரத்துக்குள் அது போகவே போகாது, தண்ணீர் இடம் கொடுக்காது. துளையைச் சுற்றிக் கொஞ்சம் இறுகி நிற்கும், மற்ற இடம் மக்கிக்கொண்டே போகும். ‘அந்தப் படகில் தகடு அடித்து மூன்று வருஷமாக ஓடுகிறது’ என்ற பதிலை எந்த ஊரிலும் கேட்கலாம். ஓடத்தான் செய்யும். பின்பலகை ஒரே நாளில் விழுவதில்லை. கெட்டுப்போன பலகை அமைதியான கடலில் பல மாதம் தாக்குப்பிடிக்கும். அது தோற்கும் நாள் காற்றடிக்கிற நாளாக, வலை நிறைந்த நாளாகத்தான் இருக்கும். ஓடுவது பலகை நன்றாக இருப்பதற்குச் சான்றாகாது.

சான்று வேண்டுமென்றால் அதற்குச் செலவே இல்லை. சிறு சுத்தியலின் கைப்பிடியால் பலகை முழுக்கத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று இறுக்கமாகக் கேட்கும். மக்கிய இடத்தில் ‘பொத்’ என்று செத்த ஓசை வரும். இன்ஜினின் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தும்போது பலகையின் மேல்விளிம்பு அசைகிறதா என்று இன்னொருவர் பார்க்கலாம். சந்தேகம் தீராவிட்டால் உள்பக்கத்திலிருந்து, அடிப்பகுதியில், மெல்லிய டிரில்லால் இரண்டு மூன்று துளை போட வேண்டும். வெளிறிய உலர்ந்த தூள் வந்தால் துளையை எபாக்ஸி வைத்து அடைத்துவிட்டு நிம்மதியாகப் போகலாம். கறுத்த ஈரப்பிசின் வந்தால் திறக்க வேண்டியதுதான்.

திறப்பது என்றால் பயப்படும்படி ஒன்றுமில்லை; நம் படகுகளுக்கு அது எளிது. உல்லாசப் படகுகளில் இருப்பதைப் போல மேல்தளமும் இருக்கையும் நம் படகின் பின்னால் குறுக்கே வராது, ஆள் உள்ளே இறங்கி நின்று வேலை செய்யலாம். வெளித்தோலைத் தொடாமல் அச்சாக வைத்துக்கொண்டு உள்தோலை மட்டும், ஓரத்தில் மூன்று விரல் அகலம் விட்டு, வெட்டி எடுக்க வேண்டும். உள்ளிருக்கும் பிளைவுட் ஊறிய தேங்காய் மட்டையைப் போல நார் நாராகப் பிய்ந்து வரும். அதைக் கடைசித் துணுக்கு வரை உளியால் சுரண்டி எடுப்பதுதான் வேலையிலேயே அதிக நேரம் பிடிப்பது. பிறகு உலர்த்தல். வெளித்தோலின் உள்முகத்தில் ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் வெயில் ஏறியதும் பார்த்தால், தாளுக்கடியில் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. நாலடி அகலம், இரண்டடி உயரமுள்ள பலகைக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் இரண்டு அடுக்கு வேண்டும். எட்டுக்கு நாலு தாள் ஒன்று வாங்கினால் பாதி மிஞ்சும். வெட்டிய துண்டுகளின் முகம் மட்டுமல்ல, ஓரங்களும் ரெசினைக் குடிக்கும்வரை பூச வேண்டும், ஈரம் ஏறுவது ஓரத்தின் வழியாகத்தான். வெளித்தோலுக்கும் பலகைக்கும் நடுவே ரெசினில் நனைத்த மேட் ஒன்று. மேடுபள்ளத்தை நிரப்பக் குழைத்த ரெசின். இறுக்கிப் பிடிக்கக் கவ்வி இல்லாவிட்டால் பழைய இன்ஜின் போல்ட் துளைகளிலேயே நீள போல்ட் போட்டு, கட்டை வைத்து இழுத்துக்கொள்ளலாம். ரெசின் ஓரமெல்லாம் பிதுங்கி வந்தால்தான் உள்ளே காற்றுப்பை இல்லை என்று நம்பலாம்.

வேலை கெடுவது பெரும்பாலும் அடுத்த கட்டத்தில். புதுப் பலகை எவ்வளவு உறுதியாக இருந்தாலும், அது படகின் பக்கச்சுவரோடும் அடிப்பாகத்தோடும் சேரும் மூட்டு தோற்றால் எல்லாம் வீண். பழைய பைபரின் மேல் பெயின்ட்டும் எண்ணெயும் பிசுக்கும் இருக்கையில் ஒட்டிய மேட், ஆறு மாதத்தில் தோலாக உரிந்து வரும். புதுக் கண்ணாடியிழை தெரியும்வரை கிரைண்டரால் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, மூலையைக் குழைத்த ரெசினால் வளைவாக நிரப்பி, பிறகு ஒன்றைவிட ஒன்று அகலமாக மேட்டும் நெய்த இழைத்துணியான ரோவிங்கும் மாறி மாறி ஒட்ட வேண்டும். வெட்டிய தோலின் ஓரத்தை அதன் தடிமனைப்போல் 12 மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்க்க வேண்டும் என்பது படகுகட்டுவோரின் பொது விதி. ஐந்து மில்லிமீட்டர் தோல் என்றால் 60 மில்லிமீட்டர். கடைசியாக இன்ஜின் போல்ட் துளைகள். 12 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 20 மில்லிமீட்டர் துளை போட்டு, அதை எபாக்ஸிக் குழம்பால் அடைத்து, இறுகிய பிறகு நடுவில் 12 மில்லிமீட்டர் துளைக்க வேண்டும். அப்போது போல்ட்டு மரத்தைத் தொடாது. போல்ட்டைச் சுற்றிய அடைப்புப் பசை தேய்ந்து தண்ணீர் வந்தாலும் மரத்துக்குப் போகாது. இந்த ஒரு வேலை படகு கட்டும்போதே நடந்திருந்தால் பாதிப் படகுகளுக்கு மீதி எதுவும் தேவைப்பட்டிருக்காது என்பது என் கணிப்பு.

மிச்சம் பிடிக்கிற இடங்கள் இதில் நிறைய இருக்கின்றன. மக்கிய மரத்தைச் சுரண்டுவதற்குக் கைத்திறன் வேண்டாம். அதைப் படகுக்காரரும் கூட்டாளிகளும் செய்துகொண்டு, மேட் ஒட்டுகிற நாளுக்கு மட்டும் பைபர் வேலைக்காரரை அழைத்தால் கூலியில் பெரும்பகுதி குறையும். உள்பக்கத்துக்குப் பளபளப்பு வேண்டாம். ரெசினைச் சில்லறையில் வாங்காமல் நாலைந்து படகுக்காரர்கள் சேர்ந்து வாங்கலாம். எபாக்ஸி ரெசின் வழக்கமான பாலியெஸ்டர் ரெசினைப்போல் பல மடங்கு விலை. மரத்தில் ஒட்டுவதில் அதுவே மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும் முழு வேலையையும் எபாக்ஸியில் செய்ய முடியாதவர், கடைசியில் வரும் போல்ட் துளைகளுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு மற்றதைப் பாலியெஸ்டரிலேயே முடிக்கலாம். வரிசை முக்கியம்: எபாக்ஸியின் மேல் பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது. சாதாரண மேட்டை எபாக்ஸியோடு பயன்படுத்துவதும் வீண்செலவு; அந்த மேட்டின் இழைகளைப் பிணைத்திருக்கும் பொருள் பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரீனில்தான் கரையும். மிச்சம் பிடிக்கக் கூடாத இடமும் உண்டு. உலர்த்தும் நாள்களிலும், தேய்க்கும் வேலையிலும், பாதுகாப்புக் கண்ணாடி, முகமூடி வாங்குவதிலும் கை வைக்கக் கூடாது. பாலியெஸ்டரை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட்டையும் அதை விரைவுபடுத்தும் கோபால்ட் ஆக்ஸிலரேட்டரையும் நேரடியாக ஒன்றாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒன்றை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகே அடுத்ததை ஊற்ற வேண்டும். கேட்டலிஸ்ட் ஒரு துளி கண்ணில் பட்டால் பார்வையே போகலாம்.

‘இத்தனை நாள் படகைக் கரையில் போட்டால் அடுப்பு எப்படி எரியும்?’ என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி; இதற்குத் தொழில்நுட்பத்தில் பதில் இல்லை. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையேறிப் பழுதுபார்க்கப்படுகின்றன. பைபர் படகுகள் அடங்கிய நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. விசைப்படகுகள் ஓய்ந்திருக்கும் அந்த மாதங்களில்தான் நாட்டுப்படகு மீனவர்களுக்குக் கொஞ்சம் நல்ல விலை கிடைக்கும். உலர்த்துவதற்குத் தோதான வெயில் காலமும் அதுவே. வருமானம் வருகிற மாதத்தில் படகை ஏற்றச் சொல்வது யாருக்கும் எளிதல்ல. அதனால் வேலை மழைக்காலத்துக்குத் தள்ளிப்போகிறது, மழையில் உலராது, தகடுதான் கதி. மூடுகிற வேலைக்கு அரைநாள் போதும் என்பதே அதன் கவர்ச்சி. அந்த நாள்களின் வருமான இழப்பை யாராவது பகிர்ந்துகொண்டாலன்றி அறிவுரையால் எதுவும் மாறாது.

‘பழையதைக் கட்டி அழுவதைவிடப் புதுப்படகு வாங்கிவிடலாமே’ என்பது இன்னொரு வாதம். அரசின் மனப்போக்கும் இதுதான். 2020-இல் 20,050 கோடி ரூபாய் மதிப்பீட்டில் அறிவிக்கப்பட்ட பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பாரம்பரிய மீனவருக்கு மாற்றுப்படகும் வலையும் வாங்க உதவி உண்டு. திட்டச் செலவில் பொதுப்பிரிவினருக்கு 40 விழுக்காடு, பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 விழுக்காடு. நாட்டுப்படகில் மாட்ட இன்ஜின் வாங்கவும் மானியம் கிடைக்கிறது. இவை வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மீதியை, பொதுப்பிரிவினர் என்றால் 60 விழுக்காட்டை, மீனவர் கடன் வாங்கித்தான் கட்ட வேண்டும். உடல் நன்றாக இருக்கும் பைபர் படகைப் பின்பலகைக்காகக் கழிப்பது வீண், கழித்த பைபரை என்ன செய்வதென்று எந்தப் பஞ்சாயத்துக்கும் தெரியாது. எரித்தால் நச்சுப்புகை, புதைத்தால் மக்காது. புதுப்படகு கட்டும் வேகம் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்பதை 2004 சுனாமிக்குப் பிறகு பார்த்தோம். தொண்டு நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு படகு கொடுத்த காலத்தில் அவசரமாகக் கட்டிய பல படகுகளின் தரம் கடுமையான விமர்சனத்துக்கு ஆளானது. மரத்துக்குப் பதில் மக்காத கெட்டி நுரைப்பலகை வைத்துக் கட்டினால் சிக்கலே இராது என்பார்கள். புதுப்படகுக்கு அது நல்ல யோசனை. ஏற்கெனவே கடலில் இருக்கும் படகுகளுக்கு அதன் விலை ஒத்துவராது. அதைப் போட்டாலும் மூட்டு வேலையும் துளை வேலையும் அப்படியே செய்தாக வேண்டும்.

இன்ஜின் வாங்க மானியம் தருகிற அரசு, அந்த இன்ஜின் கடலில் விழாமல் பிடித்துக்கொண்டிருக்கும் பலகையைச் சரிசெய்ய நேரடியாக ஒன்றும் தருவதில்லை என்பது விந்தையான கணக்கு. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினைவிட ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜின் எடை கூடியது. மானியத்தில் வாங்கிய புது இன்ஜினைப் பழைய பலகையில் மாட்டும்போது ஆபத்தும் கூடுகிறது. பழுதுக்குப் பணம் கொடுத்தால் போலிக் கணக்கு எழுதுவார்கள், யார் போய்ப் பார்ப்பது என்பது அதிகாரிகளின் வழக்கமான தயக்கம். புயலில் பகுதியாகச் சேதமான படகுகளுக்குப் பேரிடர் நிவாரண நிதியில் பழுதுச் செலவு கொடுக்கும் ஏற்பாடு பல ஆண்டுகளாக இருக்கிறது. அதற்கு ஆள் போய்ப் பார்த்து மதிப்பிடத் தெரிந்த துறைக்கு, மெல்ல மக்கிய பலகையைப் பார்த்து மதிப்பிடத் தெரியாதா? ஒரே இரவில் உடைந்தால் நிவாரணம், ஐந்து ஆண்டில் உடைந்தால் சொந்தப் பாடு என்ற பிரிவினைக்கு நியாயம் ஏதுமில்லை. வேலை நடந்ததா என்பதற்கு மூன்று படங்கள் போதும்: மரம் எடுத்த வெற்றுத் தோல், புதுப்பலகை வைத்த நிலை, மேட் ஒட்டி முடித்த மூட்டு. திறக்காமல் இந்த முதல் படத்தை எடுக்க முடியாது. திறக்கும் வேலைக்குத்தான் பணம் என்று நிபந்தனை வைத்தால், தகடு முடுக்குகிறவர்களும் திறக்கத் தொடங்குவார்கள்.

பார்ப்பதற்கான வாய்ப்பும் தனியாக உருவாக்க வேண்டியதில்லை. மீன்வளத் துறை ஆண்டுதோறும் படகுகளை ஆய்வு செய்கிறது. ஆய்வுக்கு வராத படகுக்கு மானிய டீசல் நிறுத்தப்படும் என்று அறிவிப்பும் வருகிறது. பதிவு எண், வண்ணம், இன்ஜின் திறன், உயிர்காப்புச் சாதனம் என்று பார்க்கும் அந்த வரிசையில் பின்பலகையைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பதைச் சேர்க்க ஒரு படகுக்கு இரண்டு நிமிடம் ஆகும். மக்கியிருந்தால் டீசலை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடுத்த ஆண்டு எல்லாப் பலகையும் புதுப்பெயின்ட்டில் மின்னும், உண்மை வெளியே வராது. கண்டுபிடித்த படகைப் பழுதுநிதிக்குப் பரிந்துரைப்பதோடு ஆய்வு நிற்க வேண்டும். பயிற்சிக்கு நாகப்பட்டினத்தில் மீன்வளப் பல்கலைக்கழகம் இருக்கிறது, கொச்சியில் மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது; மரத்தோணிகளுக்குப் பைபர் உறை போடும் முறைகளில் கொச்சி நிறுவனத்துக்கு அனுபவம் உண்டு. தமிழகத்தின் 608 கடலோர மீனவ கிராமங்கள் பலவற்றில் மேட் ஒட்டத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் குறைவது உலர்த்தல், மூட்டுச் சரிவு, துளை அடைப்பு பற்றிய ஒரு வாரப் பாடம். ஒரு கிரைண்டர், ஈரம் காட்டும் கருவி, நாலு பெரிய கவ்வி ஆகியவற்றை மீனவர் சங்கத்தில் வைத்து வாடகையில்லாமல் கொடுக்கலாம். பணம் எப்போது கைக்கு வருகிறது என்பதும் முக்கியம். நிதியாண்டு முடிவில் மார்ச் கடைசியில் அவசரமாகக் கொடுத்தால் அது இன்ஜின் கடனுக்குப் போய்விடும். வடகிழக்கு மழைக்கு முன்பு, ஆகஸ்ட், செப்டம்பரில், கரையில் நிற்கும் நாள்களுக்கான ஒரு சிறு ஈட்டுத்தொகையோடு சேர்த்துக் கொடுத்தால், வெயில் இருக்கும்போதே பலகையைத் திறந்துவிடலாம்.